முடி எடுத்துக் கொடுத்த கைகள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் முடிசூட்டு விழா. ஒரு நாட்டு மக்களின் சமயமும் சமூகமும் மாறும்போது, அந்நாட்டு அரசனுக்கு முடிசூட்டும் சடங்கும் மாறுகிறதா? மாறினால் எந்த அளவுக்கு மாறுகிறது? இந்த வினாவைக் கம்பரையும் சேக்கிழாரையும் துணைக்கொண்டு நோக்க விரும்புகிறேன். திருகோணமலைத் துறைமுகத்தோடு தொடர்புடைய ஒரு வரலாற்றையும் இடையிலே சேர்த்துக்கொள்வேன்.

முடியாட்சி இல்லாத நாட்டில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். 1972ஆம் ஆண்டு மே 22ஆம் திகதி குடியரசு ஆகும்வரை இங்கிலாந்து மகாராணியாரே இந்நாட்டுக்கும் அரசியாக இருந்தார் என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். அதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. பல சமயத்தவர் வாழும் நாட்டில் அரசு யாருடையது என்ற கேள்வி, முடி போனதும் கூடவே போய்விடுகிற கேள்வியன்று.

முதலில் லண்டனுக்குச் செல்வோம். 1953 யூன் 2ஆம் திகதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இரண்டாம் எலிசபெத் முடிசூடினார். அவர் எடுத்த உறுதிமொழியில் இலங்கையின் பெயரும் இடம்பெற்றது. எங்கள் பிரதமர் டட்லி சேனநாயக்க அந்த விழாவுக்குச் சென்றிருந்தார். அரசியாரின் உடையில் பொதுநலவாய நாடுகளின் மலர்களும் பயிர்களும் நூலாலும் மணியாலும் இழைக்கப்பட்டிருந்தன. இலங்கைக்குத் தாமரை. ஆனால் தாமரையைக் கையில் ஏந்தி வழிபடும் சமயத்தவர் ஒருவரேனும் அந்தச் சடங்கிலே பங்குகொள்ளவில்லை. ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் தலைவர் வேதாகமத்தை எடுத்து வழங்கியதே அன்று பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. அவரும் கிறிஸ்தவரே, சபைதான் வேறு.

எழுபது ஆண்டுகள் கழிந்தன. 2023 மே 6ஆம் திகதி அதே ஆலயத்தில் மூன்றாம் சார்ள்ஸ் முடிசூடினார். அதற்கிடையில் நாட்டின் முகமே மாறிவிட்டது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மைக் கிறிஸ்தவர் என்று பதிந்தோர் 46.2 வீதத்தினரே. எச்சமயமும் இல்லை என்றோர் 37.2 வீதம். முஸ்லிம்கள் 6.5 வீதம். இந்துக்கள் பத்து இலட்சத்துக்குச் சற்று அதிகம். அவர்களுள் எங்கள் மண்ணிலிருந்து பெயர்ந்து போனவர்களும் அடங்குவர்.

இந்த மாற்றம் சடங்கிலும் தெரிந்தது. அரசருக்குரிய கைவளைகளைக் கொண்டுவந்தவர் சையத் கமால் பிரபு; அவர் முஸ்லிம். பேரங்கியைக் கொண்டுவந்தவர் கிலியன் மெரன்; அவர் யூதப் பெண்மணி. மோதிரத்தை ஏந்தி வந்த நரேந்திர பட்டேல் பிரபு இந்து. கையுறையை வழங்கிய இந்தர்ஜித் சிங் பிரபு சீக்கியர். வேதாகமத்தின் ஒரு பகுதியை வாசித்த அன்றைய பிரதமர் ரிஷி சுனக்கும் இந்துவே. பெண் ஆயர்களும் முதன்முறையாக முடிசூட்டுச் சடங்கிலே பணியாற்றினர்.

இதைக் கேட்டதும் எனக்குக் கம்பர் நினைவுக்கு வந்தார். இராமாவதாரத்தின் நிறைவிலே இராமனுக்கு முடிசூட்டும் காட்சியை அவர் ஒரே செய்யுளில் அடக்கிக் காட்டுகிறார். அங்கே அரியணையைத் தாங்குபவன் அனுமன். உடைவாளை ஏந்தி நிற்பவன் அங்கதன். குடைபிடிக்கும் பரதனும் கவரி வீசும் தம்பியரும் அயோத்தி அரண்மனைக்குரியவர்கள். ஆனால் அனுமனும் அங்கதனும் யார்? கிட்கிந்தையிலிருந்து வந்தவர்கள், வேற்றினத்தவர், அங்கதனோ இராமனின் அம்பினால் வீழ்ந்த வாலியின் மைந்தன். தந்தையைக் கொன்றவனுக்கு மகன் வாளேந்தி நிற்கின்றான். அந்த வாளை அவன் கையிலே கொடுப்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

அதற்கும் மேலாகக் கம்பர் செய்த ஒன்றுண்டு. முடியைத் தலையில் வைப்பவர் வசிட்டர். வைப்பதற்கு முன் அதை அவர் இன்னொருவர் கையிலிருந்து வாங்குகிறார். கொடுப்பவர்கள் வெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலின் முன்னோர். தம்மை ஆதரித்த வேளாண் குடியைத் திரேதா யுகத்துக்கே கொண்டுபோய் நிறுத்தி, அவர்கள் எடுத்துக் கொடுத்த பின்னரே குலகுரு சூட்டினார் என்று பாடிவிட்டார். புலவரின் நன்றிக்கடன் என்று உரையாசிரியர் கூறுவர். அது உண்மை. ஆனால் நன்றிக்கடனை வேறு எத்தனையோ வழிகளில் தீர்த்திருக்கலாம். அரசனின் முடி உழவன் கையைக் கடந்துதான் வரவேண்டும் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் இல்லாமல் அந்த இடத்தை அவர் தெரிந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

இதை உயர்தர வகுப்பிலே நான் விளக்கியபோது ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “சேர், எடுத்துக் குடுத்த ஆளுக்கு என்ன மிச்சம்? முடியை வச்சது வசிட்டர்தானே?”

நல்ல கேள்வி. லண்டன் விழாவுக்கும் அது பொருந்தும். வேற்றுச் சமயத்தவரிடம் ஒப்படைக்கப்பட்டவை கிறிஸ்தவப் பொருளை வெளிப்படையாகச் சுட்டாத அணிகள் என்றே தெரிந்தெடுக்கப்பட்டவை. இந்துப் பிரபு கொண்டுவந்த மோதிரத்தை அரசர் தொட்டு ஏற்றார், விரலில் அணியவில்லை. எருசலேமில் புனிதப்படுத்தப்பட்ட எண்ணெயைப் பூசும் வேளையில் திரை மறைத்தது. உள்ளே நின்றவர்கள் திருச்சபைக்குரியவர்களே. உறுதிமொழியோ 1688ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தது. புரட்டஸ்தாந்து சமயத்தைக் காப்பேன் என்ற பகுதி அப்படியே இருந்தது. அதற்கு முன்னுரையாக, எல்லாச் சமயத்தவரும் நம்பிக்கையாளரும் சுதந்திரமாக வாழும் சூழலைத் தம் திருச்சபை பேண முயலும் என்று பேராயர் சொன்னார். சொன்னவர் பேராயர். சத்தியம் செய்தவர் அரசர். இந்த வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும்.

எனவே அந்த மாணவனின் கேள்வியை இப்படி விரித்துக் கேட்கலாம்: மாற்றம் சடங்கின் ஓரத்திலே நிகழ்ந்ததா, நடுவிலே நிகழ்ந்ததா?

சடங்கின் நடுவையே மாற்றிய ஒருவரைச் சேக்கிழார் நமக்குக் காட்டுகிறார். அவர் மூர்த்தி நாயனார், மதுரை வணிகர். பிறநாட்டு மன்னன் ஒருவன் மதுரையைக் கைப்பற்றிச் சமணத்தைச் சார்ந்து, சிவனடியாருக்கு இடர் செய்தான். மூர்த்தியாருக்குச் சந்தனம் கிடைக்காமலும் தடுத்தான். அவர் தம் முழங்கையையே கல்லிலே தேய்த்தார். அன்றிரவே அம்மன்னன் இறந்தான். வாரிசு இல்லை. அமைச்சர்கள் கண்கட்டி விட்ட யானை மூர்த்தியாரைத் தூக்கிவந்தது. அவர் அரசை ஏற்கச் சம்மதித்தார். ஆனால் நறுநீராட்டும் பொன்முடியும் வேண்டாம் என்றார். திருநீறே அபிடேகம், உருத்திராக்கமே அணிகலன், சடையே முடி என்றார். அவ்வாறே ஆண்டார்.

கூற்றுவ நாயனார் வரலாறு இதற்கு மறுபக்கம். பல நாடுகளை வென்றும் முடி இல்லாதிருந்த அவர், தில்லை அந்தணரை முடிசூட்டுமாறு வேண்டினார். சோழர் குலத்தவர்க்கன்றிச் சூட்டோம் என்று மறுத்து அவர்கள் சேரநாடு சென்றனர். இறைவன் கனவிலே தோன்றித் தன் திருவடியையே அவருக்கு முடியாகச் சூட்டினான். சோழ அரசவையில் அமைச்சராயிருந்த சேக்கிழார், சோழரல்லாத ஒருவருக்கு இறைவனே முடிசூட்டிய வரலாற்றை ஒளிக்காமல் பாடியமை போற்றத்தக்கது.

ஆயினும் மூர்த்தி நாயனார் வரலாற்றைப் பக்தியோடு படிக்கும்போதே ஒரு வினா எழுகிறது. அந்த மதுரையிலே சமணக் குடிமக்களும் இருந்திருப்பார்களே! திருநீறு அபிடேகமானபோது அவர்கள் நெஞ்சு எப்படி இருந்திருக்கும்? புராணம் அதைச் சொல்ல வந்ததன்று. நாம் கேட்கலாம், கேட்கவேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் துறைமுகம் வருகிறது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க மன்னர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த, சைவ வைணவ மரபிற் பிறந்த குடும்பத்தினர். கண்டியிலே அரசராவோர் நாத தேவாலயத்திலே அரச நாமம் ஏற்று உடைவாளை இடையிற் கட்டுவது வழக்கம். அவ்வழக்கின்படி அரசு ஏற்ற அவர்களுள் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1747 முதல் 1782 வரை ஆண்டான். அக்காலத்தில் பௌத்த பிக்குகளுக்குரிய உபசம்பதா என்னும் துறவுநிலை இலங்கையில் அற்றுப்போயிருந்தது. அதை மீண்டும் நிறுவ அம்மன்னன் சீயம் நாட்டிலிருந்து பிக்குகளை அழைப்பித்தான். உபாலி தேரரும் அவருடன் வந்தோரும் 1753ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கப்பலில் வந்து கரையிறங்கிய துறை திருகோணமலை.

சற்று நினைத்துப் பாருங்கள். அழைத்தவன் சைவச் சூழலிற் பிறந்த மன்னன். ஏற்றிவந்தவர்கள் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள். வந்தவர்கள் பௌத்தத் துறவிகள். இறங்கிய கரை கோணேசர் மலையின் அடிவாரம். இன்று இத்துறைமுக வீதிகளில் நடக்கும் சிறுவனுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

ஆனால் கதை இனிமையாக முடியவில்லை. 1760ஆம் ஆண்டில் அம்மன்னனுக்கு எதிராகப் பிரதானிகள் சிலரும் பிக்குகள் சிலரும் சதி செய்தனர். அவன் திருநீறு பூசுவதை விடவில்லை என்பதும் அவன்மேற் சொல்லப்பட்ட குறைகளுள் ஒன்று என்று வரலாற்றாசிரியர் கூறுவர். மூர்த்தி நாயனாருக்கு முடியாக இருந்த அதே நீறு, கீர்த்தி ஸ்ரீக்குக் குற்றமாயிற்று. பௌத்தத்துக்கு அவன் ஆற்றிய பணியோ பெரிது. நெற்றியிலே இருந்தது அவனுடைய நம்பிக்கை. நாட்டிலே செய்தது அவனுடைய கடமை. இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்று பலரால் முடியவில்லை. இன்று மட்டும் முடிகிறதா என்பதை நேயர்களின் சிந்தனைக்கே விடுகிறேன்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதன் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்தையும் அதன் சடங்குகளையும் துறவிகளையும் வழிபாட்டிடங்களையும் பேணிக் காப்பதாக வாக்களித்தது. வாக்களித்த முடி மூன்றாம் ஜோர்ஜ் மன்னருடையது. கிறிஸ்தவ விசுவாசத்தின் காவலர் என்று பட்டம் தாங்கிய முடி. தன் சமயம் அல்லாத ஒன்றைக் காப்பதாக அது எழுதிக் கொடுத்தது. ஆனால் மிஷனரிமார் எதிர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசாங்கம் அப்பொறுப்பிலிருந்து படிப்படியாக விலகிக்கொண்டது. அந்த ஜோர்ஜ் மன்னரின் மகன் பெயரையே எங்கள் பிரெட்ரிக் கோட்டை தாங்கி நிற்கிறது. போர்த்துக்கேயர் இடித்த ஆலயத்தின் கற்களும் அக்கோட்டையில் உண்டு. 1963இல் மீண்டும் குடமுழுக்குக் கண்ட கோணேசரை வழிபட, அக்கோட்டை வாசலால்தான் நாம் நாள்தோறும் நடந்து போகிறோம்.

இவற்றிலிருந்து நான் கற்றுக்கொள்வது இது. ஒரு சடங்கிலே சிறுபான்மையோருக்கு இடம் கொடுப்பது நல்லது, அதைச் சிறுமைப்படுத்தலாகாது. 1953இல் தாமரை துணியில் மட்டும் இருந்தது. 2023இல் கைகளே வந்து சேர்ந்தன. ஆனால் ஏந்தும் கைக்கு உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. எங்கள் நாட்டு 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்குகிறது. அதே உறுப்புரை மற்றச் சமயத்தவரின் உரிமைகளையும் உறுதிசெய்கிறது. ஆங்கில அரசரின் உறுதிமொழியைப் போலவே இதிலும் இரண்டு பகுதிகள் உள்ளன. முதற்பகுதியை எல்லோரும் அறிவர். இரண்டாம் பகுதியை உயிரோடு வைத்திருப்பதே ஆள்வோரின் கடன்; அதை நினைவூட்டுவது எழுத்தாளரின் கடன்.

இங்கிலாந்தின் அடுத்த முடிசூட்டு விழா எப்படி அமையும்? 2025 அக்டோபரில் கன்டர்பரிப் பேராயர் பதவிக்கு முதன்முறையாக ஒரு பெண், சாரா முலலி, பெயர் குறிக்கப்பட்டார். ஆகவே முடியைச் சூட்டும் கை ஒருநாள் பெண்ணின் கையாக இருக்கலாம். உறுதிமொழியின் சொற்கள் மாறுமா என்பதை அந்நாட்டுப் பாராளுமன்றமே தீர்மானிக்க வேண்டும். என் விருப்பம் ஒன்றே. பேராயர் முன்னுரையிலே சொன்னதை, அடுத்த அரசர் தம் வாயாலேயே சத்தியமாகச் சொல்லவேண்டும்.

2023 விழாவின் ஒரு செய்தியோடு நிறைவு செய்கிறேன். சடங்கு முடிந்து அரசர் வெளியேறும்போது யூத, இந்து, சீக்கிய, முஸ்லிம், பௌத்தத் தலைவர்கள் ஒன்றாக நின்று ஒரே குரலில் அவருக்கு வாழ்த்துரைத்தனர். அன்று சனிக்கிழமை. யூதருக்கு ஓய்வுநாள்; அன்று அவர்களின் தலைமைக் குரு ஒலிபெருக்கியைப் பயன்படுத்தமாட்டார். அவருக்காக மற்ற நால்வருமே ஒலிபெருக்கியின்றிப் பேசினர். உலகமெங்கும் ஒலித்த அந்த விழாவிலே அந்த வாழ்த்து மட்டும் பலருக்குக் கேட்கவில்லை. ஒருவருடைய நோன்பை மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து நோற்றார்கள்.

ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசும் எனக்கு, கேட்காத அந்த வாழ்த்தே அன்றைய விழாவின் சிறந்த பகுதியாகத் தோன்றுகிறது. முடியை எடுத்துக் கொடுத்தவருக்கு என்ன மிச்சம் என்று கேட்ட மாணவனுக்கும் இதுவே என் விடை: மற்றவருக்காகத் தன் குரலைத் தாழ்த்துகின்ற ஒரு சபை மிஞ்சினால், கொடுத்த கை வெறுங்கை ஆகாது.