அச்சத்தினின்று விசுவாசத்திற்கு



அச்சம் அறியாத மனிதர் உலகில் இலர். இருளுக்கு அஞ்சுவோர், நோய்க்கு அஞ்சுவோர், தேர்வுக்கு அஞ்சுவோர், பிறர் நகைப்புக்கு அஞ்சுவோர் என இவ்வுணர்ச்சிக்கு வடிவங்கள் பல. அவற்றுள் மிகக் கொடியது மரண பயம். அஞ்சாமை என்பது ஒருவன் தனித்திருந்து தன் நெஞ்சில் வளர்த்துக்கொள்ளும் பண்பு என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். உடலை ஒறுத்து, மனத்தைக் கடிந்து, நூல்களைக் கற்று அதனை எய்திவிடலாம் என்றும் நம்புகிறோம். அவ்வாறே நம்பி முயன்று, தோற்று, பின்னர் வேறொரு வழியைக் கண்ட ஒருவருடைய வரலாற்றை இன்று உங்கட்குக் கூற விரும்புகிறேன். மெதடிஸ்டுத் திருச்சபை தோன்றக் காரணமாயிருந்த ஜான் வெஸ்லியே அவர்.

வெஸ்லி 1703-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலுள்ள எப்வொர்த் என்னும் சிற்றூரில், அவ்வூர்த் திருச்சபைக் குருவின் மகனாகப் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது ஓர் இரவு வீடு தீப்பற்றி எரிந்தது. மாடியில் சிக்கிக்கொண்ட சிறுவனை, ஒருவர் தோள்மீது மற்றொருவர் ஏறி நின்று, சன்னல் வழியாகத் தூக்கிக் காப்பாற்றினர். அவருடைய அன்னை சுசன்னா கல்வியறிவும் பக்தியும் மிக்கவர். நம் தரங்கம்பாடியில் 1706 முதல் தொண்டாற்றி வந்த மிஷனரிமாரின் வரலாற்றை அவ்வம்மையார் 1712 அளவில் படித்தார். அதனால் உள்ளம் உருகி, தம் மக்கள் ஒவ்வொருவரோடும் தனித்துப் பேசி ஆன்ம நலம் உசாவுவதற்காக, வாரத்தில் ஒவ்வொரு மாலையை ஒதுக்கினார். ஜானுக்கு உரியது வியாழக்கிழமை. சோழநாட்டுக் கடற்கரையில் நிகழ்ந்த தொண்டு ஆங்கில நாட்டு இல்லமொன்றில் இவ்வாறு பயன் விளைத்தது.

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்று, ஆங்கே ஆசிரியராகவும் விளங்கிய வெஸ்லி, தம்பி சார்லசும் நண்பர் சிலரும் கூடிய சிறு குழுவிற்குத் தலைவரானார். நோன்பிருந்தனர், சிறைச்சாலைகளுக்குச் சென்று கைதிகளைத் தேற்றினர், ஏழைகட்கு உதவினர். காலத்தைக் கணக்கிட்டு வாழ்ந்த அவர்களைப் பிற மாணவர் எள்ளி நகையாடினர். இத்துணை ஒழுங்கும் தவமும் இருந்தும் வெஸ்லியின் உள்ளத்தில் அமைதி இல்லை. 1735-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறியிருந்த ஜார்ஜியாவில் சமயப் பணியாற்ற, ‘சிம்மண்ட்ஸ்’ என்னும் பாய்மரக் கப்பலில் அவர் புறப்பட்டார்.

அக்கப்பலில் ஜெர்மன் மொழி பேசிய மொரேவியர் இருபத்தறுவரும் பயணம் செய்தனர். பிற பயணிகள் இழிவென்று ஒதுக்கிய பணிகளை அவர்கள் கூலியின்றிச் செய்தனர். எவரேனும் அடித்தாலும் தள்ளினாலும் முறையிடாமல் எழுந்து அகன்றனர். அவர்களோடு உரையாடுவதற்காகவே வெஸ்லி ஜெர்மன் மொழி கற்கலானார். 1736-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் புயல்கள் அடுத்தடுத்து வீசின. சாவதற்குத் தம் மனம் இசையாமையைக் கண்டு வெஸ்லி நாணினார். ஜனவரி 25-ஆம் நாள் மாலை, மொரேவியர் சங்கீதம் பாடி வழிபாடு தொடங்கிய வேளையில், பேரலையொன்று கப்பலை மூடிற்று, பெரும்பாய் கிழிந்தது, தளங்களுக்கிடையே நீர் பாய்ந்தது. ஆங்கிலேயர் அலறினர். மொரேவியரோ பாட்டை நிறுத்தவில்லை. பின்னர் அவருள் ஒருவரை அணுகி, “தாங்கள் அஞ்சவில்லையா?” என வெஸ்லி வினவினார். இல்லையென்றார் அவர். பெண்டிரும் பிள்ளைகளும் எவ்வாறு என்று மீண்டும் வினவ, அவர்களும் சாவுக்கு அஞ்சுபவர் அல்லர் என விடை வந்தது. பல்கலைக்கழக ஆசிரியரிடம் இல்லாத ஒன்று சிறு பிள்ளைகளிடம் இருந்தது!

இவர்கள் பிறவியிலேயே அஞ்சாதவரோ? அல்லர். 1415-இல் உயிரோடு எரிக்கப்பட்ட ஜான் ஹஸ் என்னும் சீர்திருத்தக்காரரின் வழிவந்த சபையினரின் எஞ்சிய மக்கள் இவர்கள். இன்று செக் குடியரசில் உள்ள மொரேவியாவில் தம் சமயத்தை மறைவாகக் காத்து, அரசின் கொடுமைக்கு அஞ்சித் தாயகத்தை விட்டு ஓடிவந்தவர்கள். 1722-இல் சாக்சனி நாட்டில் சின்சென்டார்ப் பிரபு தம் நிலத்தில் இவர்கட்குப் புகலிடம் தந்தார். ‘ஆண்டவரின் காவல்’ எனப் பொருள்படும் ஹெர்ன்ஹூட் என்னும் ஊர் ஆங்கே எழுந்தது. ஆயின் ஐந்தாண்டுகளுக்குள் கொள்கைப் பூசல்களால் ஊர் பிளவுபட்டது. பிரபு வீடுவீடாகச் சென்று பேசினார். 1727-ஆம் ஆண்டு மே மாதத்தில் அனைவரும் ஓர் உடன்படிக்கைக்கு இசைந்தனர். ஆகஸ்டு 13-ஆம் நாள் ஒன்றாகத் திருவிருந்தில் பங்குகொண்டு ஒப்புரவாயினர். சிறு சிறு குழுக்களாகக் கூடித் தத்தம் குறைகளை மறையாது பேசி, ஒருவர்க்காக ஒருவர் ஜெபித்தனர். புயலிலே வெஸ்லி கண்ட அமைதி இவ்வாறு நாள்தோறும் பயின்று பெற்ற அமைதி. இச்சிற்றூரார் 1732 முதல் தொலை நாடுகட்கு ஊழியரை அனுப்பினர்; 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தனர்.

ஜார்ஜியாவில் வெஸ்லியின் பணி செழிக்கவில்லை. குடியேறியவர்களோடு பிணக்குற்று, 1738-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மனம் சோர்ந்து இங்கிலாந்து திரும்பினார். சில நாட்களில் பீட்டர் போலர் என்னும் மொரேவிய இளைஞரைச் சந்தித்தார். உடனடியாக அமைதி தரும் விசுவாசம் உண்டென்று போலர் கூறியதை வெஸ்லி ஏற்கவில்லை, மறுத்து வாதாடினார். போலரோ மூவரை உடன் அழைத்து வந்தார். அவர்கள் தம் வாழ்வில் நேர்ந்ததை எளிய சொற்களில் எடுத்துரைத்தனர். வாதத்திற்கு விடையுண்டு, வாழ்க்கைக்கு விடை ஏது? வெஸ்லி வாய் அடைத்துப் போனார்.

அவ்வாண்டு மே மாதம் 21-ஆம் நாள், எளிய கன்னார் ஒருவர் இல்லத்தில் நோயுற்றுக் கிடந்த சார்லஸ், தாம் தேடிய சமாதானத்தைப் பெற்றார். மூன்று நாள் கழித்து, 24-ஆம் நாள் மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த சிறு கூட்டமொன்றிற்கு ஜான் மனமில்லாமலே சென்றார். உரோமர் நிருபத்திற்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில், தம் உள்ளத்தில் ஒரு வெதுவெதுப்பை வெஸ்லி உணர்ந்தார். தாமும் மன்னிக்கப்பட்டவர் என்னும் உறுதி பிறந்தது.

அதன்பின் அவர்க்கு ஐயமே எழவில்லை எனக் கருதிவிடாதீர்கள். சில மாதங்களுக்குப் பின்னரும் தம் விசுவாசத்தின் உண்மையை ஐயுற்று அவர் எழுதியிருக்கிறார். மொரேவியரோடு கருத்து வேறுபட்டு, 1740-இல் அவர்களினின்று பிரிந்தும் சென்றார். ஆனால் அவர்களிடம் கற்ற பாடத்தை அவர் மறந்தாரில்லை. 1742-இல் பிரிஸ்டல் நகரில் வழிபாட்டு மண்டபத்தின் கடனை அடைப்பதற்காக, பன்னிருவர் கொண்ட குழுக்களை அமைத்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி திரட்ட ஏற்பாடாயிற்று. தண்டல் செய்யச் சென்ற தலைவர், இல்லத்தில் உள்ளோரின் நோயும் துயரும் சோதனையும் கண்டார். காசு திரட்ட எழுந்த முறை, விரைவில் ஒருவர் நலனை ஒருவர் உசாவும் முறையாக மலர்ந்தது. சுரங்கத் தொழிலாளரும் நெசவாளரும் தம் அச்சங்களை வாய்விட்டுச் சொல்ல ஓரிடம் கிடைத்தது.

அதன் பயனைக் கேளுங்கள். 1743-ஆம் ஆண்டு அக்டோபரில் வெட்னஸ்பரி என்னும் ஊரில் பெருங்கும்பலொன்று வெஸ்லியைப் பிடித்து, மழையிலும் இருளிலும் ஊர்விட்டு ஊர் இழுத்துச் சென்றது. புயலில் நடுங்கியவர் அன்று நடுங்கவில்லை. கும்பலின் தலைவனே இறுதியில் மனமிளகி அவரைக் காத்தான். அவ்வூர்ச் சங்கத்தார் நால்வர் வெஸ்லியோடு நின்றனர். அவருள் ஒருவர் பெண்மணி. ‘அஞ்சவில்லையா?’ என்று அவ்வம்மையாரைக் கேட்டபோது, இல்லையென்றும், தமக்காகக் கடவுளை நம்புவது போலவே வெஸ்லிக்காகவும் நம்ப முடிந்தது என்றும் விடையளித்தார். கப்பலில் எழுந்த அதே வினா, அதே விடை. எட்டாண்டுகளுக்குள், ஜெர்மானிய அகதிகளிடம் கண்ட உறுதி ஆங்கில நாட்டு எளிய பெண்ணொருத்தியிடம் வந்து சேர்ந்துவிட்டது.

மாணவர்களே, இங்கே ஒன்றை ஊன்றி நோக்குங்கள். வெட்னஸ்பரியில் இரு கூட்டங்கள் இருந்தன. கும்பலும் மனிதனுக்குத் துணிவு தருகிறது. ஆனால் அத்துணிவு அவன் முகத்தை மறைத்துத் தருவது. கும்பல் கலைந்ததும் அது மறைந்துவிடும். நல்ல சங்கமோ உன் பெயரை அறியும். நீ வாராத நாளில் உன்னைத் தேடிவரும். உன் குறையை உன்னிடமே கூறும். உன் அச்சத்தைக் கேட்டு நகையாது. அங்கே பெறும் உறுதி நீ தனித்து நிற்கும்போதும் உன்னைத் தாங்கும்.

நீங்கள் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் இவ்வுண்மை உங்கட்கும் உரியது. உங்கள் வகுப்பிலோ விடுதியிலோ அச்சத்தை உள்ளத்தில் பூட்டிவைத்து, இரவில் உறங்காதிருக்கும் தோழன் ஒருவன் இருக்கக்கூடும். அறிவுரை அவனுக்குப் பின்னர் வேண்டியதாகலாம். முதலில் வேண்டுவது அவனருகே அமர்ந்து கேட்கும் இருவர் அல்லது மூவர். அவ்விருவரில் ஒருவராக நீங்கள் இருங்கள்.