விரயத்தைக் குறைக்க வேண்டும், ஆளை அல்ல



வணிகம் தளரும்போது முதலாளிகளுக்கு முதலில் தோன்றுவது ஆட்குறைப்புதான். சம்பளச் செலவு கணக்கேட்டில் பளிச்சென்று தெரிகிறது. வேலை நடக்கும் முறைக்குள் ஒளிந்திருக்கும் விரயம் அப்படித் தெரிவதில்லை. அதைத் தேடிப் பிடித்து நீக்குவதே 'லீன்' முறை. இதன் பிறப்பிடம் ஜப்பானின் டோயோட்டா நிறுவனம்.

1950இல் டோயோட்டா கடும் பண நெருக்கடியில் சிக்கியது. ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் வெடித்தது. நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலக நேர்ந்தது. அந்த அடிக்குப் பிறகு, டைச்சி ஓனோ என்ற பொறியாளர் உருவாக்கி வந்த உற்பத்தி முறை அங்கு வேரூன்றியது.

ஓனோ விரயத்தை 7 வகையாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் உற்பத்தி செய்வது, காத்திருப்பது, பொருளை இங்குமங்கும் சுமப்பது, அவசியமற்ற வேலை செய்வது, சரக்கைக் குவிப்பது, வீண் நடமாட்டம், பழுதான பொருள். இவற்றில் முதலாவதே மிக மோசமானது என்பது அவர் கருத்து. கிடங்கு நிறைந்திருந்தால் மற்ற குறைகள் அதன் பின்னால் மறைந்துவிடும்.

இதற்கு அவருக்கு வழிகாட்டியது அமெரிக்கப் பேரங்காடி. அங்கே வாடிக்கையாளர் எடுத்துச் சென்ற அளவுக்குத்தான் அடுக்கில் பொருளை மீண்டும் நிரப்புகிறார்கள். அதுபோல, அடுத்த பிரிவு கேட்டால் மட்டுமே முந்தைய பிரிவு பாகத்தைச் செய்ய வேண்டும் என்றார் ஓனோ. அதைக் கேட்கப் பயன்பட்ட அட்டைதான் 'கான்பான்'.

மற்றொரு தூண் இதைவிடப் பழையது. கீச்சிரோவின் தந்தை சக்கிச்சி 1924இல் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அதே தத்துவப்படி, கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். குறை உடனே தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும்.

இது ஜப்பானியருக்கு மட்டுமே ஒத்துவரும் என்றார்கள். அதைப் பொய்யாக்கியது கலிபோர்னியாவின் ஃபிரிமோண்ட் ஆலை. தரக்குறைவுக்கும் வேலைக்கு மட்டம் போடுவதற்கும் பேர்போன அந்த ஆலையை 1982இல் ஜெனரல் மோட்டார்ஸ் மூடியது. 1984இல் டோயோட்டாவுடன் இணைந்து 'நம்மி' என்ற பெயரில் மீண்டும் திறந்தது. பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். சில ஆண்டுகளிலேயே தரம் ஜப்பானிய ஆலைகளுக்கு ஈடாக உயர்ந்தது.

ஆள் மாறவில்லை, மாறியது முறையும் நம்பிக்கையும். 1988இல் விற்பனை சரிந்தபோதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மிச்சமான நேரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் விலகியதை அடுத்து 2010இல் அந்த ஆலை மூடப்பட்டது. எனினும் அது கற்றுத்தந்த பாடம் பழையதாகிவிடவில்லை.

சிறிய பட்டறைக்கும் உணவகத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும். முதலாளி அறையை விட்டு இறங்கி, வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் 'ஏன்?' என்று 5 முறை கேட்டால், வேர் எங்கே என்பது புலப்படும். 'யார் செய்தது?' என்று கேட்டால் உண்மை ஒளிந்துகொள்ளும்.

விரயம் எங்கே என்பதை அன்றாடம் அந்த வேலையைச் செய்பவரே நன்கு அறிவார். ஆனால், அதைச் சொன்னால் தன் வேலையே போய்விடும் என்று அஞ்சுபவர் வாய் திறப்பாரா? மிச்சப்படுத்திய நேரம் ஊழியரின் கழுத்துக்குக் கத்தியாகாது என்ற உறுதியை முதலில் தர வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் கயிறு தொங்கிக்கொண்டிருக்கும். இழுக்கத்தான் கை வராது.