அலுமாரியில் கிடக்கும் மடிக்கணினி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவரை மேடையில் ஏற்றினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நாங்கள் பேச வந்தது வேறொரு நோயாளியைப் பற்றி. உங்கள் வீட்டு அலுமாரியில், பழைய சேலைக்கு அடியில் கிடக்கும் மடிக்கணினிதான் அந்த நோயாளி. 'நாங்கள்' என்று சொல்லக் காரணம், எங்கள் ஆண்டுத் தோழியர் சிலர் சேர்ந்து இந்த வேலையைச் செய்து வருவதுதான்.

2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. வீட்டுப் பாவனையாளருக்குச் சில நிபந்தனைகளுடன் ஓராண்டுப் பாதுகாப்பு நீடிப்பு மட்டும் அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. அதனால் நன்றாக ஓடக்கூடிய கணினிகளும் மூலைக்குப் போகின்றன. அதே வேளையில், கைத்தொலைபேசியின் சிறு திரையில் செயற்றிட்ட அறிக்கை தட்டும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் எங்கள் நோக்கம். அதற்குரிய மருந்தின் பெயர் லினக்ஸ்.

யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு வீட்டுக்கு வீடு ஓர் அளவு உண்டல்லவா? அம்மம்மா சொன்ன அளவை எடுத்து, எங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றி, அயல்வீட்டுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். திறந்த மூல மென்பொருளும் அப்படித்தான். எழுதிய நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் இந்த எண்ணத்தோடு குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவற்றைக் கொண்டு உபுண்டு, மிண்ட், பெடோரா என்று பலர் பல பக்குவங்களில் தருகிறார்கள். உங்கள் கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசிக்குள்ளும் லினக்ஸ் கருதான் இருக்கிறது.

இது எங்கள் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 2004 ஆழிப்பேரலையின் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்காக இலங்கைக் கணினித் துறையினர் தன்னார்வமாக எழுதிய சகானா என்ற திறந்த மூல மென்பொருள், பின்னர் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் உதவியது. 2020இன் தொடக்கத்தில் கொவிட் கண்காணிப்புக்கு எங்கள் சுகாதாரத் துறைக்குக் கைகொடுத்ததும், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மூல மென்பொருள்தான். இங்கே அமைத்ததைப் பார்த்துப் பல நாடுகள் பின்பற்றின.

இனிச் செய்முறை. தொடங்குபவர்களுக்கு நாங்கள் கொடுப்பது லினக்ஸ் மிண்ட். 2024இல் வந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 64 பிட் செயலி வேண்டும். 2 ஜிபி நினைவகத்திலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் சௌகரியம். மிகப் பழைய கணினிக்கு எக்ஸ்.எப்.சி.ஈ. என்ற இலகுவான பதிப்பை எடுங்கள். கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. டேட்டா இல்லாதவர் கவலைப்பட வேண்டாம். ஒருவர் இறக்கிப் பத்துப் பேருக்குப் பிரதி கொடுக்கலாம். களவாகப் பிரதிசெய்த விண்டோஸ் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு மாறானது. இங்கே பிரதி கொடுப்பதற்கு உரிமமே இடம் தருகிறது. அதிகாரபூர்வ இணையத்தளத்தில் இறக்கி, அங்கே தரப்பட்ட சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், ரூபஸ் போன்ற மென்பொருளால் அதை எழுதுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். அதைச் செருகிக் கணினியை இயக்கும்போது எப்12, எப்9, எஸ்கேப் போன்ற விசைகளில் ஒன்று தொடக்கப் பட்டியலைக் காட்டும். எந்த விசை என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. அங்கே பென் டிரைவைத் தெரிவுசெய்தால், வன்தட்டைத் தொடாமலே மிண்ட் திரையில் வந்துவிடும்.

கத்தி வைக்குமுன் பரிசோதனை என்பது எங்கள் தொழிலின் ஒழுங்கு. இங்கேயும் அதுவேதான். வைபை, ஒலி, கமரா, அச்சுப்பொறி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். திருப்தி இல்லையென்றால் அணைத்துவிட்டு பென் டிரைவைக் கழற்றுங்கள். கணினி பழையபடியே இருக்கும்.

நிறுவுவதென்றால் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு தட்டில் பிரதி எடுத்து, அதைத் திறந்தும் பாருங்கள். 'தட்டை அழித்து நிறுவுக' என்ற தெரிவு எல்லாவற்றையும் அழித்துவிடும். மின்சாரம் போனாலும் தாங்கும்படி பற்றரியை நிரப்பி, சார்ஜரையும் செருகிவையுங்கள். மொழி, விசைப்பலகை, கொழும்பு நேரம், கடவுச்சொல் என்று சில கேள்விகள் வரும். அதன்பின் ஒரு தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். முடிந்ததும் முதல் வேலை, மேம்படுத்தல்களை நிறுவுவது.

லிப்ரே ஒபிஸும் பயர்பொக்ஸும் கூடவே வரும். தமிழ் தட்டுவதற்கு ரெங்கநாதன் விசைப்பலகையையும் தமிழ்99ஐயும் சேர்க்கலாம். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய வினாத்தாள்களைத் திறக்க, அந்த எழுத்துருக் கோப்பையும் கூடவே கொண்டுவந்து நிறுவுங்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸுக்கென்றே எழுதிய சில கணக்கியல், வடிவமைப்பு மென்பொருள்கள் இதில் ஓடா. சில அச்சுப்பொறிகள் அடம்பிடிக்கும். உங்கள் தொழில் அவற்றில் தங்கியிருந்தால், அந்தக் கணினியை மாற்றாதீர்கள். நோயாளிகளின், கட்சிக்காரர்களின் இரகசியங்கள் இருந்த கணினியைக் கொடுக்கும் மருத்துவரும் சட்டத்தரணியும் பழைய தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திக் கொடுங்கள். அழித்த கோப்பை மீட்டெடுக்க வழி உண்டு. எஸ்.எஸ்.டி.யால் கணினியின் வேகமும் கூடும்.

தொண்ணூறுகளில் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள். கிடைத்ததை ஓடவைப்பது எங்களுக்குக் கைவந்த வேலை. அன்று ஒருத்தியின் கொப்பியைப் பார்த்துப் பத்துப் பேர் எழுதினோம். கொப்பி கொடுத்தவளின் அறிவு அதனால் குறைந்துவிடவில்லை.

ஆகவே அக்காமாரே, தங்கைமாரே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொக்லேட்டோடு அந்த மடிக்கணினியையும் சார்ஜரோடு கொண்டுவாருங்கள். சார்ஜரை மறந்துவிட வேண்டாம்! வர முடியாதவர்கள் இருக்கும் ஊரிலேயே ஒரு பிள்ளைக்கு நிறுவிக் கொடுங்கள். கணினியைக் கையில் கொடுக்கும்போது, நிறுவும் முறையையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த கணினியை அவளே நிறுவட்டும்.