குடிநோய்க்கும் மருந்துண்டு

(குத்தாலத்தில் உழவர், கூலியாளர் நடுவே நிகழ்த்திய பொழிவின் எழுத்துவடிவம்)



திருத்துருத்தி என்னும் பழம்பெயர் பூண்ட இவ்வூர்க் குளத்தில் நீராடிச் சுந்தரர் தம் உடற்பிணி நீங்கப்பெற்றார் என்று பெரியபுராணம் கூறும். அத்தகைய ஊரில் இன்று பேச வேண்டிய பிணி குடிநோய்.

குடிப்பவன் கோயிலில் கயிறு கட்டுகிறான், பிள்ளைகள்மேல் சூளுரைக்கிறான். அறுவடைக் கூலி கைக்கு வந்ததும் சூள் முறிகிறது. உடனே 'மானங்கெட்டவன்' என்கிறது ஊர். மானம் இல்லாதவன் சூளுரைக்க வருவானா? அவன் தோற்பது நோயிடம்!

வள்ளுவப் பேராசான் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாக வைத்தார். 95ஆம் அதிகாரம் மருந்து. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். குடிநோய்க்கும் இந்நான்கும் வேண்டும்.

முதலில் நோயுற்றவன். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடுமென நிறுத்தினால் கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் இல்லாதன கண்ணில் தோன்றப் பிதற்றலாம். பேய் பிடித்தது என்று பூசாரியிடம் ஓடுவர். அது உயிரையே பறிக்கவல்ல நோய்நிலை. ஆகவே நிறுத்தும் நாளிலேயே மருத்துவரை அடைதல் வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தைச் சில நாள்களுக்கு அளந்து கொடுப்பதும், தயாமின் என்னும் உயிர்ச்சத்தை ஊட்டுவதும் அவர் பணி.

அடுத்தது, மீண்டும் குடியாதிருக்க உதவும் மருந்து. 1940களில் தென்மார்க்கு நாட்டுக் கோபனேகனில் எரிக் யாக்கோப்சன், யென்சு கால்டு என்னும் இருவர் குடற்புழுவுக்காக ஆய்ந்த தைசல்பிராம், குடியை மறிக்கும் மருந்தாயிற்று. மது உடலில் முதலில் ஒரு நஞ்சாக மாறிப் பின்னரே அழியும். அவ்வழிவை இம்மருந்து தடுக்கிறது. இதை உண்பவன் குடித்தால் முகம் சிவக்கும்; நெஞ்சு படபடக்கும்; வாந்தியும் மூச்சுத் திணறலும் வரும். மருந்தை நிறுத்தியபின்னும் இரு கிழமைவரை இவ்விளைவு நேரலாம். மதுச்சேர்ந்த இருமல் மருந்தும் அரிட்டமும்கூட ஆகா. நெஞ்சு நோயரும் கல்லீரல் கெட்டவரும் மருத்துவர் ஆயாமல் தொடலாகாது.

நால்திரெக்சோன் குடியால் வரும் இன்பத்தைக் குறைக்கும்; அகாம்புரோசேட்டு குடி வேட்கையைத் தணிக்கும். எவருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

தாய்மாரே, இதைக் கருத்தில் இருத்துங்கள்! 'குடிப்பவருக்குத் தெரியாமலே குழம்பில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்து விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். அறியாமல் மருந்துண்டு, அதன்மேல் குடித்தவன் மாண்டுபோகவும் கூடும். அறிந்து, இசைந்து, மனைவியோ தாயோ பார்த்திருக்க நாள்தோறும் உண்பதே முறை. அந்த ஒரு மாத்திரை, அன்று குடிப்பதில்லை என்று அன்றன்று செய்யும் உறுதி.

நான்காவது கூறாகிய துணை வீட்டோடு முடிவதில்லை. 1980இல் சாந்தி இரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி. இரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, 1980களின் இறுதியில் குடவாசலை அடுத்த மஞ்சக்குடிக்கே வந்து மருத்துவப் பாசறை அமைத்தது. ஊரே துணை நின்றால் சிற்றூரிலும் குடிநோயைத் தீர்க்க முயலலாம் என்பதற்கு நம் காவிரி மண்ணிலேயே சான்று உண்டு.

1937இல் சேலத்தில் மதுவிலக்குக் கண்ட நாடு இது. 1983இல் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. கடையை ஊர்தோறும் கொண்டுவந்த அரசு, மருந்தையும் மருத்துவரையும் ஊர்தோறும் கொண்டுவரக் கடமைப்பட்டதன்றோ? அதைக் கேட்பது இரத்தல் ஆகாது, உரிமை.

தமிழன் தன் அறிவை மீட்காமல் மொழியையும் மண்ணையும் எங்ஙனம் மீட்பான்? குடிநோயனை இகழாதீர்! கைப்பற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்! ஒருமுறை வழுவினால் மறுமுறையும் அழைத்துச் செல்லுங்கள்!