பாலாவிக் கரையிலே திருக்கேதீஸ்வரம்

ஈழவள நாட்டின் வடமேற்குக் கரையிலே, மன்னார்த் தீவுக்கு எதிர்முகமாக அமைந்த பெருநிலப் பகுதியில், பாலாவி என்னும் தீர்த்தத்தின் கரையிலே விளங்குவது திருக்கேதீஸ்வரம். மன்னார்ப் பட்டினத்திலிருந்து பாலத்தைக் கடந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் தூரம் சென்றால் இத்தலத்தை அடையலாம். இங்கே எழுந்தருளியிருக்கும் இறைவன் கேதீஸ்வரநாதர்; இறைவி கௌரியம்மை. இலங்கையிலே தேவாரப் பாடல் பெற்ற சிவதலங்கள் இரண்டே. ஒன்று கீழ்க்கரையிலுள்ள திருக்கோணமலை; மற்றது மேற்கரையிலுள்ள இத்தலம்.

கேதீஸ்வரம் என்ற பெயருக்குக் காரணம் கூறும் புராண வரலாறு யாவரும் அறிந்ததே. தேவரும் அசுரரும் கூடித் திருப்பாற்கடலைக் கடைந்தபோது அமுதம் தோன்றிற்று. திருமால் மோகினி வடிவங் கொண்டு அதனைத் தேவருக்குப் பங்கிட்டார். அவ்வேளையிலே அசுரன் ஒருவன் தேவர் வடிவந் தாங்கி, அவர்தம் வரிசையிலே அமர்ந்து அமுதுண்டான். சூரியனும் சந்திரனும் அதனைக் காட்டிக் கொடுக்க, அவன் தலை துணிக்கப்பட்டது. ஆயினும் அமுதுண்டவன் ஆதலால் அவன் இறந்திலன். தலை இராகுவாயிற்று, உடல் கேதுவாயிற்று. தலையிழந்த உடலாகிய கேது, பாம்பின் தலை பெற்றுப் பாலாவியிலே நீராடிச் சிவபெருமானை வழிபட்டுக் கோள்களுள் ஒன்றாகும் பேறு பெற்றான் என்பது தல வரலாறு. கேது பூசித்த ஈஸ்வரம் கேதீஸ்வரமாயிற்று. தேவார ஆசிரியர் இதனைக் கேதீச்சரம் என்பர்.

தேவத்தச்சனாகிய துவட்டா இங்கே தவஞ் செய்து பிள்ளைப் பேறு பெற்றான் என்றும், அவன் பெயரால் இவ்வூர் மாதுவட்டாபுரம் எனப்பட்டுப் பின் மாதோட்டம் என மருவிற்று என்றும் மற்றொரு கதை வழங்குகின்றது. பாளி மொழி நூலாகிய மகாவம்சம் இத்துறையை மகாதித்த என்று குறிப்பிடும். பெருந்துறை என்பது அதன் பொருள். விசயனுக்கு மணப்பெண்ணாகப் பாண்டி நாட்டிலிருந்து வந்த அரசிளங்குமரியும், அவளோடு வந்த பதினெண் வகைத் தொழிலாளர் குடும்பங்களும் இத்துறையிலே வந்திறங்கினர் என்று அந்நூல் கூறும்.

புராணம் ஒருபுறமிருக்க, மாதோட்டம் பழம்பெருந் துறைமுகம் என்பதற்கு மண்ணே சான்று பகர்கின்றது. 1980ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் நிகழ்ந்த அகழாய்விலே சீன நாட்டு மட்கலங்களும், பாரசீக நாட்டு மட்கலங்களும், பலவகை மணிகளும் வெளிப்பட்டன. 2009, 2010ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அகழாய்விலே மிளகு மணிகளும் ஒரு கராம்பும் கிடைத்தன. அக்கராம்பு கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்தது என்பர். கராம்பு அக்காலத்திலே கீழ்த்திசைக் கடலிலுள்ள மலுக்குத் தீவுகளில் மாத்திரமே விளைந்த பொருள். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த அச்சிறு மொட்டு, எத்துணைத் தொலைவிலிருந்து கப்பல்கள் இங்கே வந்தன என்பதை உணர்த்துகின்றது.

இத்தகைய பட்டினத்திலே வீற்றிருந்த பெருமானைத் திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் கி.பி. 7ஆம் நூற்றாண்டிலும், சுந்தரமூர்த்தி நாயனார் அதற்குப் பின்னரும் பாடினர். சம்பந்தர் பதிகம் இரண்டாந் திருமுறையிலும், சுந்தரர் பதிகம் ஏழாந் திருமுறையிலும் உள்ளன. மாவும் கமுகும் வாழையும் செறிந்த சோலைகளையும், அங்கே ஆடும் மயில்களையும் சம்பந்தர் பாடுகின்றார். மரக்கலங்கள் நிறைந்த கடலையும், பாலாவியின் கரையையும் சுந்தரர் பாடுகின்றார். இவ்விருவரும் கடல் கடந்து ஈழத்துக்கு வந்திலர். இராமேச்சரத்திலே நின்று இத்தலத்தை நினைந்து பாடினர் என்பது சேக்கிழார் வாக்கால் அறியப்படும். கண்ணாற் காணாத தலத்தைக் கருத்தாற் கண்டு பாடிய இச்செய்தி பின்வரும் வரலாற்றை அறிவதற்கு இன்றியமையாதது.

பதினோராம் நூற்றாண்டிலே சோழர் ஆட்சி இங்கு நிலவிற்று. முதலாம் இராசராசன் பெயரால் மாதோட்டம் இராசராசபுரம் எனப்பட்டது. தாழி குமரன் என்னும் அதிகாரி இங்கே இராசராசேச்சரம் என்றொரு கோயிலை எடுப்பித்து, அதற்கு வேண்டிய நிவந்தங்களை வகுத்த செய்தியைக் கல்வெட்டு ஒன்று தெரிவிக்கின்றது. காலம் செல்லச் செல்லத் துறைமுகத்தின் வாணிகம் குன்றிற்று. பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் வந்தனர். 1560ஆம் ஆண்டு மன்னார் அவர் கைப்பட்டது. அந்நூற்றாண்டிலேயே திருக்கேதீஸ்வரத் திருக்கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டை முதலிய கட்டடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன என்பர்.

இதனைக் கூறுமிடத்து மற்றொரு செய்தியையும் மறைத்தலாகாது. அதற்கு முன், 1544ஆம் ஆண்டில், மன்னாரிலே கிறித்தவ சமயந் தழுவிய எளிய மக்கள் பல நூற்றுவர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். ஆட்சியுரிமையும் சமயமும் ஒன்றோடொன்று பிணைந்து நின்ற அக்காலத்திலே இக்கரை இருபாலாரின் கண்ணீரையும் கண்டது. தலப்பெருமை பேசுவோர் பகைமை வளர்த்தற்கு அதனைக் கருவியாக்குதல் தகாது.

கோயில் அழிந்தபின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் இவ்விடம் காடாய்க் கிடந்தது. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றினாலும் ஒரு பதி சிறப்புறும் என்பது சைவர் கொள்கை. இங்கே மூர்த்தி மண்ணுள் மறைந்தது; தலம் முள்ளும் புதரும் மூடிற்று; தீர்த்தமாகிய பாலாவி மாத்திரம் எஞ்சிற்று. ஆயினும் அம்முந்நூறு ஆண்டுகளிலும் இப்பெருமானின் திருப்பெயர் வழக்கொழிந்திலது. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் திருமுறை ஓதுவோர், கேதீச்சரத்தானை இடையறாது பாடி வந்தனர். அவருட் பெரும்பாலார் இத்தலத்தைக் கண்டவரல்லர். நாயன்மார் இராமேச்சரத்திலே நின்று செய்த வழிபாட்டையே அவரும் தத்தம் ஊரிலே நின்று செய்தனர்.

அப்பாடலே பின்னர்க் கோயிலை மீட்டது. 1872ஆம் ஆண்டு, நல்லூர் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் நூலிலே, பாடல் பெற்ற இத்தலம் அழிந்து கிடப்பதை எடுத்துக்காட்டி, அதனைப் புதுப்பித்தல் சைவர் கடன் என்று வற்புறுத்தினார். மாதோட்டம், பாலாவி, கேதீச்சரம் என்று பதிகங்கள் இடஞ்சுட்டி நின்றமையால், தேட வேண்டிய இடத்தைப்பற்றி ஐயம் எழவில்லை. நாவலர் 1879ஆம் ஆண்டிலே சிவபதமடைந்தார். தாம் விரும்பிய திருப்பணியை அவர் கண்டிலர். 1893ஆம் ஆண்டு அந்நிலம் அரசாங்கத்தினிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அங்கே அகழ்ந்தபோது பழைய சிவலிங்கமும் பிற திருவுருவங்களும் வெளிப்பட்டன. 1903ஆம் ஆண்டு சிறியதொரு கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டிலே திருப்பணிச் சபை நிறுவப்பட்டது. சேர் கந்தையா வைத்தியநாதன் அத்தொண்டிலே தலைநின்றார். அவர் மறைந்தபின், 1976ஆம் ஆண்டு விரிவான திருப்பணி நிறைவெய்திக் குடமுழுக்கு நடைபெற்றது.

அதன்பின்னும் இடர் தீர்ந்திலது. 1990ஆம் ஆண்டிலே போரின் காரணமாகச் சுற்றியிருந்த மக்கள் ஊரை விட்டகன்றனர். கோயிற்பகுதி படையினர் வசமாயிற்று. அடியார் செல்லுதற்கு இயலாதாயிற்று. திருவிழாக் காலங்களிலே மடங்கள் நிரம்பி வழிந்த இடம் மீண்டும் வெறிச்சோடியது. இடம்பெயர்ந்தோர் இந்தியாவிலும் வேறு தேசங்களிலும் ஏதிலிகளாய் வாழ்ந்த காலத்தில், தம் பிள்ளைகளுக்கு இப்பதிகங்களைச் சொல்லிக் கொடுத்தோர் பலர். போர் ஓய்ந்தபின், இந்திய அரசின் உதவியோடு கருங்கல்லாலே கோயில் புதிதாக எழுப்பப்பட்டு, 2022ஆம் ஆண்டு யூலை மாதத்திலே குடமுழுக்குக் கண்டது.

இவ்வரலாற்றை உடன்வைத்து நோக்கும்போது, கேதுவின் கதை வெறும் கதையாகத் தோன்றவில்லை. துணிக்கப்பட்டும் இறவாதவன் கேது. அவன் உண்ட அமுதம் உடலைக் காத்தது. ஆனால் அவனுக்கு நிறைவு தந்தது வழிபாடே. சோதிட நூலார் கேதுவை ஞானகாரகன் என்றும் மோட்சகாரகன் என்றும் கூறுவர். இழந்ததை எண்ணி வருந்துதலை விட்டு, எஞ்சியதைக் கொண்டு இறைவனை அடைதலே அவன் காட்டும் ஞானம். இத்தலத்துச் சைவ மக்களும் கல்லை இழந்தனர். பாடல் என்னும் அமுது எஞ்சியது. அதனை விடாது பற்றியமையாலே கல்லையும் மீளப் பெற்றனர்.

மகா சிவராத்திரி நாளிலே இத்தலத்தில் நிகழும் வழிபாடு காணத்தக்கது. அடியார்கள் பாலாவியிலே மூழ்கி, ஈர உடையோடு குடங்களில் நீர் முகந்து வந்து, வெளி வீதியிலுள்ள மகாலிங்கப் பெருமானுக்குத் தம் கையாலேயே அபிடேகஞ் செய்கின்றனர். செல்வர், வறியர், கற்றோர், கல்லாதோர் என்ற வேறுபாடின்றி அனைவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். ஊரிழந்து மீண்ட முதியவள் ஒருத்தி நடுங்குங் கையால் ஊற்றும் ஒரு குடம் நீருக்கும், பெருஞ்செலவிலே எழுந்த கருங்கற் சுவருக்கும் இறைவன் திருமுன்னே வேற்றுமை இல்லை.

இன்று கோயில் உறுதியாக நிற்கின்றது. ஆனால் கல் எத்துணை உறுதியுடையதாயினும் அழியக்கூடும் என்பதை இத்தலம் இருமுறை கண்டுவிட்டது. அழியாது நின்றது, பெற்றோர் வாயிலிருந்து பிள்ளைகள் செவிக்குச் சென்ற பதிகமே. இல்லந்தோறும் மாலை விளக்கேற்றும் வேளையிலே, கேதீச்சரப் பதிகத்திலே ஒரு பாட்டையேனும் பிள்ளைகள் பொருளுணர்ந்து ஓதப் பழக்குதல் எளிய செயலே. திருப்பணிகளுள் அதுவே தலையாய திருப்பணி.