அறிதல் வேறு, அடக்கல் வேறு!
(தெஹிவளையில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையிலிருந்து)



1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை எட்டு வயதுப் பிள்ளையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இடமளித்தது. 2018இலேதான் அவ்வயது பன்னிரண்டாயிற்று. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலின் தன்மையையும் விளைவையும் சீர்தூக்கும் முதிர்ச்சி இருந்ததா என்று நீதவான் ஆராய வேண்டும்.

மூளை இயல் கூறுவது யாது? களவு தவறென்பதைச் சிறுவனும் அறிவான். ஆனால், விளைவை எண்ணி அவாவை அடக்கும் முன்மூளையோ இருபது வயது கடந்தும் வளர்ந்துகொண்டேயிருக்கிறது. நாற்றுமேடையிலே நெற்கதிர் தேடும் கமக்காரன் உண்டா?

சட்டத்தரணிகளே! முதிர்ச்சி பற்றிய அக்கேள்வியை எழுப்பாமல் அவ்வயதுப் பிள்ளை எதனையும் கூண்டில் நிற்க விடாதீர்கள். பெற்றோரே! பிழை செய்த பிள்ளையைத் திருத்துவோம். குற்றவாளியென்று பெயர் சூட்ட விரையோம்!