எண்ணெயில் புகுந்த நீர்

எண்ணெயும் நீரும் ஒட்டா என்பது நாம் அனைவரும் இளமையிலேயே கற்ற பாடம். அது பொய்யன்று, ஆனால் பாதி மெய்தான். மற்றப் பாதியைத் தாம்பரத்து மோட்டார்ப் பட்டறைகளில் காணலாம்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செண்டிமீட்டர். அடையாறு கரைபுரண்டு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் நுழைந்தது. வாசலில் நின்ற கார்களும் லாரிகளும் ஜெனரேட்டர்களும் மூழ்கின. வெள்ளம் வடிந்தது. வண்டி ஓடுகிறதா என்று பார்க்கும் ஆவலில் சிலர் சாவியைத் திருகினார்கள். கேடு அங்கேதான் விளைந்தது.

காற்றை அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டில் டீஸலைப் பீய்ச்சி எரியச் செய்வது டீஸல் இயந்திரத்தின் முறை. சிலிண்டருக்குள் காற்று பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருங்கும். நீரோ சுருங்க மறுக்கும். காற்றுக் குழாய் வழியே புகுந்த நீர் தேங்கியிருக்கையில் பிஸ்டன் மேலெழுந்தால், அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துபோகும்.

டேங்கில் புகுந்த நீரின் வேலை வேறு வகையானது. டீஸலைவிடக் கனமானதாகையால் அது அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. டீஸலை உறிஞ்சும் குழாயின் வாயும் அடிப்பக்கத்திலேயே இருக்கிறது! பம்பிலும் இஞ்செக்டரிலும் ஒன்றினுள் ஒன்று வழுக்கி ஓடும் உறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அவ்விடுக்கில் மசகாக இருப்பது டீஸலே. அதன் இடத்தில் நீர் வந்தால் உலோகம் உலோகத்தை உராயும், துருவும் பிடிக்கும். நீரும் டீஸலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் குடியேறி, நீரில் வாழ்ந்து டீஸலைத் தின்று, பில்டரை அடைக்கும் கொழகொழப்பை உண்டாக்குகின்றன. பில்டரின் அடியில் நீரை வடிக்க ஒரு திருகு வைத்திருப்பது இதனால்தான். அதை ஒரு முறையேனும் திறந்து பார்த்த வண்டிக்காரர்கள் எத்தனை பேர் என்று எனக்கு ஐயமுண்டு.

மசகெண்ணெயில் நீர் சேர்ந்தாலோ, பள்ளிப் பாடமே தலைகீழாகிறது. கரியைத் தன்னுள் மிதக்கவிட வேண்டுமென்று அந்த எண்ணெயில் சில மருந்துப் பொருள்களைச் சேர்த்திருக்கிறார்கள். அவையே நீர்த் துளிகளையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. கிராங்க் அதனை மத்துப்போல் கடைகிறது. எண்ணெய் பால் கலந்த காபியின் நிறத்தை அடைகிறது. பேரிங்குகளைத் தாங்க வேண்டிய எண்ணெய்ப் படலம் அதில் நிலைப்பதில்லை. நிறத்தில் தெரியாத அளவு நீரையும் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. நன்கு காய்ந்த தகட்டில் ஒரு சொட்டு விட்டால், நீருள்ள எண்ணெய் தாளிப்புப் போலச் சடசடக்கும்.

இந்நீர் வெள்ளத்திலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. ஹெட் கேஸ்கெட் பழுதானால், குளிர்விக்கும் நீரே கசிந்து வரும். அதைவிட வியப்பானது ஒன்று: ஒரு லிட்டர் டீஸல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் பிறக்கிறது! எனக்கு இது நம்பும்படியாக இல்லை, கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டரின் எடை சுமார் 840 கிராம். அதில் ஹைட்ரஜன் சுமார் 110 கிராம். ஒரு பங்கு ஹைட்ரஜன் ஒன்பது பங்கு நீராகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறுபகுதி பிஸ்டனைக் கடந்து கீழிறங்கி, இயந்திரம் சூடேறாத வேளையில் எண்ணெயில் படிகிறது. தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்புவதற்கே பயன்படும் காரின் எண்ணெய் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உட்புறத்தில் வெண்பசை ஒட்டியிருக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் வண்டிகள் மீண்டும் நீரில் நின்றன. மூழ்கிய வண்டியை எப்படி மீட்பீர்கள் என்று ஒரு பட்டறையில் கேட்டேன். சாவியைத் தொடுவதே இல்லையாம். பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, வண்டியை இழுத்து வந்து, இஞ்செக்டர்களை எடுத்துவிட்டு இயந்திரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுகிறார்கள். சிலிண்டரில் உள்ள நீர் அத்துளைகள் வழியே பீறிட்டு வெளியேறுகிறது. டேங்கை முழுதும் வடித்து, எண்ணெயையும் பில்டர்களையும் மாற்றிச் சிறிது நேரம் ஓடவிடுகிறார்கள். பிறகு அந்தப் புதிய எண்ணெயையும் வடிக்கிறார்கள். அதிலும் பால்நிறம் தெரிந்தால், மூன்றாம் முறையும் மாற்றுகிறார்கள்.